பேப்பர் கட்டிங் பார்த்துத் துணிப் படம் செய்யலாமா? நேயர் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. அம்பத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். படித்துவிடுகிறேன். "ஃப்யூசிங் ஷீட் வைத்துச் சின்னச் சின்ன ஆர்ட் குயில்ட் செய்கிறேன். எனக்கு வரைய வராது. நெட்டிலிருந்து படம் எடுத்துச் செய்தால் ஸ்டிக்கர் ஒட்டினமாதிரி இருக்கிறது. பேப்பர் கட்டிங் படங்கள் ரொம்பப் பிடிக்கும். அதைப் பார்த்துத் துணியில் செய்ய முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

தாராளமாக முடியும். பேப்பர் கட்டிங் என்றால் ஒரே தாளைக் கத்தரித்து எடுக்கும் படம். ஃப்யூசிங் ஷீட் என்றால் அயர்ன் பாக்ஸ் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் பசைத் தாள். ஃப்யூசிங் வேலைக்குப் பேப்பர் கட்டிங்கைவிடப் பொருத்தமான வாத்தியாரே கிடையாது என்பேன். காரணம் இருக்கிறது. சாதாரணத் துணியை வெட்டினால் ஓரம் பிரியும். அதனால்தான் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் பழைய அப்ளிக் வேலையில் ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பார்கள். மடித்துத் தைக்கும்போது கூரான முனையோ மெல்லிய கோடோ அவ்வளவு சுலபத்தில் வராது. துணியின் பின்னால் பசைப் படலம் ஏறிவிட்டால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் அது துணி மாதிரி நடந்துகொள்ளாது, காகிதம் மாதிரி நடந்துகொள்ளும். கத்தரிக்கோல் காகிதத்தில் செய்வதையெல்லாம் கிட்டத்தட்ட அதிலும் செய்யும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. குயில்ட் என்றால் மேலே படம், நடுவில் மெத்தென்ற ஒரு அடுக்கு, பின்னால் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் போடும் தையல். நாம் பேசுவது கட்டிலுக்கு விரிக்கிற அளவு அல்ல. 8க்கு 10 அங்குலம், அதையும்விடச் சின்னதாக 4க்கு 6 அங்குலத்தில் போஸ்ட் கார்டு அளவு. சுவரில் மாட்டுவதற்கு.

இப்போது அந்த ஸ்டிக்கர் பிரச்சினைக்கு வருவோம். நெட்டில் எடுத்த படத்தில் ஒரு பூ இருக்கிறது. அதை ஐந்து இதழ், ஒரு காம்பு, இரண்டு இலை என்று பிரித்து வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்டுகிறீர்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்த ஒட்டுறவும் இல்லை. இலையை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் கண்ணுக்கு உறுத்துகிறது. பேப்பர் கட்டிங்கில் அந்த வசதி கிடையாது. ஒரே தாள், எல்லாம் எங்காவது ஒரு இடத்தில் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடி விட்டால் துண்டு கீழே விழுந்துவிடும். அதனால் கிளியின் அலகு இலையைக் கவ்வும், வால் ஓரச் சட்டத்தைத் தொடும், கொடி சட்டத்திலிருந்தே கிளம்பும். விழாமல் இருப்பதற்காகப் போட்ட இணைப்புகள்தான் கடைசியில் படத்தின் அழகாக மாறுகின்றன.

இதைப் பார்க்கச் சீனாவுக்குப் போக வேண்டாம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீடுகளின் ஜன்னல் கிரில்லைப் பாருங்கள். மயில், தாமரை, வீணை என்று எத்தனை தினுசு! வெல்டிங் செய்கிறவர் ஒரு இலையை அந்தரத்தில் தொங்கவிட முடியாது, எதோடாவது பற்றவைத்துத்தான் ஆக வேண்டும். இரும்பில் செய்த பேப்பர் கட்டிங்தான் அது. போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆனால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்கு முன்னால் போனைத் தூக்கிக்கொண்டு நின்றால் யாராக இருந்தாலும் வெளியே வந்து விசாரிப்பார்கள்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். வேப்பங்கிளையில் ஒரு கிளி. 6க்கு 8 அங்குலம், கரும்பச்சை நிறத்தில் ஒரே துணி, அதன் பின்னால் ஃப்யூசிங் ஷீட் காகிதத்தோடு ஒட்டியிருக்கிறது. இதை வெட்டி முடித்து மஞ்சள் பின்னணித் துணிமேல் ஒட்டப் போகிறோம். சுற்றி அரை அங்குலம் சட்டமாக விட்டுவிடுங்கள். கிளை இடது சட்டத்தில் கிளம்பி வலது சட்டத்தில் போய் முடியட்டும். கிளியின் கால் கிளையில், வால் நுனி கீழ்ச் சட்டத்தில். இனி இலைகள். வேப்பிலை கொஞ்சம் அரிவாள் போல வளைந்து, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருக்கும், கத்தரிக்கோலுக்கு நல்ல தீனி. ஆனால் இலையை வெட்டுவதாக நினைக்காதீர்கள். இலைக்கும் இலைக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தை வெட்டி எடுங்கள். கண் அங்கே பழகிவிட்டால் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது. சிறகுக்கு நாலைந்து பிறை வடிவப் பிளவு போதும், இறகு இறகாக வரைய வேண்டியதில்லை. கண்ணுக்கு ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியே பின்னணி மஞ்சள் தெரியும்.

ஆண் கிளிக்குக் கழுத்தில் ஒரு வளையம் உண்டல்லவா? அங்கே ஒரு பிறையை வெட்டிவிட்டு, பச்சைத் துணிக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு நகம் அளவு துண்டை வையுங்கள். ஓட்டை வழியாக நிறம் எட்டிப் பார்க்கும். மேலே ஒட்டினால் ஸ்டிக்கர், பின்னாலிருந்து வந்தால் படத்தோடு சேர்ந்துவிடும். அந்தச் சகோதரி கேட்டதற்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்.

வெட்டும் வரிசை முக்கியம். உள்ளே இருக்கும் சின்ன ஓட்டைகளை முதலில், பெரிய வெற்றிடங்களை அப்புறம், வெளி ஓரத்தைக் கடைசியில். வெளி ஓரம் முழுசாக இருக்கிறவரைதான் கைக்குப் பிடிமானம். கத்தரிக்கோலைத் திருப்பாதீர்கள், அது ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், துணியைத் திருப்புங்கள். நீண்ட வளைவுக்குக் கத்தரியின் அடிப்பக்கம், முனைகளுக்கு மட்டும் நுனி. கட்டர் பயன்படுத்துகிறவர்கள் பிளேடைத் தயங்காமல் மாற்றுங்கள், மழுங்கின பிளேடு துணியை வெட்டாது, இழுக்கும். இணைப்புகளை 3 மில்லிமீட்டருக்குக் கீழே விடாதீர்கள். பசை இருந்தாலும் அதைவிட மெலிந்தால் இழை பிரிந்துவிடும்.

"வரைய வராது" என்றாரே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹென்றி மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியருக்கு 1941இல் பெரிய அறுவை சிகிச்சை ஆனது. அதற்குப் பிறகு பெரும்பாலும் சக்கர நாற்காலியும் படுக்கையும்தான். உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசிக் கொடுப்பார்கள், அவர் பென்சில் தொடாமல் நேராகக் கத்தரிக்கோலால் வெட்டுவார். 1953இல் அப்படிச் செய்த 'நத்தை' இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த முறை. முதலில் துணி முழுவதற்கும் பசையேற்றி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு துணியின் நல்ல பக்கத்தைப் பார்த்தபடி கையோட்டத்தில் வெட்டுங்கள். கொஞ்சம் கோணலாக வரும், வரட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. காகிதப் பக்கத்தில் வரைந்து வெட்டினால் படம் இடவலம் மாறித்தான் வரும். கிளிக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் 'ஓம்' என்று வெட்டினால் வம்புதான். நல்ல பக்கத்திலிருந்து வெட்டினால் அந்தத் தொல்லையே இல்லை.

பார்த்துக் கற்றுக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? மதுரா, பிருந்தாவனத்து சாஞ்சி என்ற காகித வெட்டுக் கலை. கிருஷ்ணர் கதைகளைக் காகிதத்தில் நுணுக்கமாக வெட்டி, அதை அச்சாக வைத்துத் தரையில் வண்ணப்பொடி தூவுவார்கள். நம் கோல அச்சுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு அச்சு என்று அடுக்கடுக்காக வைத்து வேலை செய்வதை அதில் கவனியுங்கள், நிறத்தைப் பிரிக்கும் புத்தி அங்கே கிடைக்கும். ஹவாய் தீவுக் குயில்ட்டுகளில் துணியை எட்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டி விரிப்பார்கள், பெரிய இலையும் பூவுமாக வட்டமாக விரியும். சீனத்துச் சிவப்புத் தாள் வெட்டுகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமா? கோயில் தேரில் உருளை உருளையாகத் தொங்குமே, தொம்பை, அதைப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இதைப் பரம்பரையாகச் செய்கிறார்கள். வெட்டித் தைத்த யாளி, கிளி, தாமரை. பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் எது என்னவென்று தெரியும். வடிவம் தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வது அதைத்தான். பங்குனித் தேர் அன்று மாட வீதிக் கூட்டத்தில் நின்று பார்ப்பதைவிட, முன்னால் அலங்காரம் நடக்கும்போது போனால் கிட்டே நின்று பார்க்கலாம். ஒன்று மட்டும், யார் வெட்டிய படத்தையும் அப்படியே காப்பி அடிக்காதீர்கள். எங்கே இணைத்திருக்கிறார்கள், எங்கே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், படம் உங்களுடையதாக இருக்கட்டும்.

அப்புறம் பொருட்கள். கடையில் வெறுமனே ஃப்யூசிங் என்று கேட்டால், காலருக்கு வைக்கும் ஒட்டுகிற கேன்வாஸை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒரு பக்கம்தான் பசை. நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் ஒட்டுவது, ஒரு பக்கம் காகிதம் இருக்கும். வாங்கும்போது தைக்கக்கூடிய ரகமா என்று பாருங்கள். தையலே வேண்டாம் என்று வருகிற கனமான ரகம் ஊசியில் பிசுபிசுவென்று ஒட்டும். மழைக்காலத்தில் சுருட்டி, காற்றுப் புகாத கவரில் வையுங்கள். பழசானால் பசை காகிதத்தை விட்டுத் தானாகப் பிரிந்து வரும்.

துணிக்கு நான் சொல்வது மேட்சிங் கடையில் ரவிக்கைக்கு வாங்கும் டூ பை டூ. நீளவாட்டு நூலும் குறுக்குவாட்டு நூலும் இரண்டு இழை முறுக்கு, நெசவு நெருக்கம், நிறத்துக்குப் பஞ்சமே இல்லை, கால் மீட்டர் கூடக் கிழித்துத் தருவார்கள். காட்டன்தானா என்று ஒரு நூலை எரித்துப் பாருங்கள். சாம்பலானால் காட்டன், உருகி உருண்டையானால் பாலியஸ்டர் கலப்பு. வெளிர் நிற டூ பை டூவை அடர் நிறத்தின்மேல் வைத்தால் அடியில் இருப்பது நிழலாகத் தெரியும், அதற்கு மட்டும் அடியில் மெல்லிய வெள்ளைக் கேன்வாஸ் கொடுங்கள். தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியும் போதும், கேட்டால் பை நிறையத் தருவார்கள். எதுவானாலும் கஞ்சி போக ஒரு தடவை அலசிக் காயவைத்துத்தான் பசையேற்ற வேண்டும், கஞ்சி இருந்தால் பசை பிடிக்காது.

அயர்ன் பாக்ஸைத் தேய்க்காதீர்கள், வைத்து அழுத்தி எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள். எத்தனை விநாடி என்பது பாக்கெட்டில் போட்டிருக்கும், அதை மீறினால் பசை துணிக்குள் உறிஞ்சி, கடைசியில் ஒட்டாமல் போகும். காகிதத்தை ஆறின பிறகுதான் உரிக்க வேண்டும். கிளி மாதிரி ஓட்டை ஓட்டையாக வெட்டிய வேலையில் ஓரத்தைச் சுரண்டினால் நூல் பிரியும். அகலமான இடத்தில், அதாவது கிளியின் வயிற்றில், குண்டூசியால் காகிதத்தை மட்டும் கீறி அங்கிருந்து உரியுங்கள். அயர்ன் பாக்ஸில் பசை ஒட்டாமல் இருக்க இடையில் வைக்கும் தாள், கேக் செய்யும் சாமான் கடையில் கிடைக்கும் பேக்கிங் (baking) பேப்பராக இருக்கட்டும். ஸ்டேஷனரி கடை பட்டர் பேப்பர் வேறு, அதில் பசை ஒட்டிக்கொள்ளும்.

தையல் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஓரத்தைச் சுற்றி நெருக்கமாக ஜிக்ஜாக் போடாதீர்கள். கஷ்டப்பட்டு வெட்டிய மெல்லிய கோடு அத்தனையும் நூலுக்குள் புதைந்துவிடும். அதே நிற நூலில் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே நேர்த் தையல் போதும், மெல்லிய இணைப்பில் நடுவில் ஒரே கோடு. ஊசி 11ஆம் நம்பர். கைத்தையல் பிடிக்கும் என்கிறவர்கள் பின்னணியில் மட்டும் போடுங்கள். இரண்டு மூன்று பசை அடுக்கு சேர்ந்த இடத்தில் கை ஊசி இறங்காது, விரல்தான் வலிக்கும். ஹவாய்க்காரர்கள் உருவத்தின் ஓரத்தை அப்படியே பின்பற்றி அலை அலையாக வெளியே தையல் போட்டுக்கொண்டே போவார்கள். நம் கிளியைச் சுற்றி மஞ்சளில் அப்படி ஓட்டுத் தையல் போட்டால் அபாரமாக இருக்கும். நடுவில் வைக்க குயில்ட் பஞ்சு தேடி அலைய வேண்டாம், இந்த அளவுக்கு ஃபிளானல் துணியே போதும்.

கண்ணாடி போட்டு மாட்டலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறார். மாட்டலாம். ஆனால் கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. நடுவில் கொஞ்சம் இடைவெளி வைத்து ஃபிரேம் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் சென்னைப் புழுக்கத்துக்கு உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி இல்லாமல் மாட்டினால் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், துவைக்க வேண்டாம். சரி, அடுத்த கேள்வி, அடிநூல் மேலே வந்து புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள்.