சுவருக்கு எதிர்வீட்டில் இருப்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சுவரோவியம் என்றாலே வரைந்தவரைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு எதிர்வீட்டில் இருப்பவர் நினைப்புத்தான் வரும். ஓவியர் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார். எதிர்வீட்டுக்காரர் தினமும் அந்தச் சுவரில்தானே கண் விழிக்க வேண்டும்?

அல்பேனியாவின் தலைநகர் டிரானாவுக்கு 2000இல் எடி ராமா மேயரானார். அவரே ஓர் ஓவியர். ஊரெங்கும் பொதுவுடைமை ஆட்சிக்காலத்துச் சாம்பல் நிற அடுக்குமாடிகள். கையில் காசு கிடையாது. சரி, வண்ணமாவது அடிப்போம் என்று தொடங்கினார். முதல் கட்டடத்தில் ஆரஞ்சு ஏறியதும் கூட்டம் கூடி, போக்குவரத்தே நின்றுவிட்டதாம். பணம் கொடுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரி ஒருவர், இந்த நிறம் விதிமுறைக்குள் வராது என்று தடுக்கப் பார்த்தார். ராமாவே மேடையில் சொன்ன கதை இது.

அதே மேடையில் இன்னொன்றும் சொன்னார். ஒரு கடையில் இரும்புக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், தெரு பாதுகாப்பாக இருக்கிறதே என்றார்களாம். போலீஸ் கூடுதலாக வந்ததா? இல்லை. நிறம் இருக்கிறது, விளக்கு எரிகிறது, நடைபாதையில் குழி இல்லை, மரம் நிற்கிறது. கவனியுங்கள் நேயர்களே, நிறத்தோடு விளக்கும் நடைபாதையும் சேர்ந்து வந்தன. சாக்கடையை அப்படியே விட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் வண்ணம் அடித்தால், அது புகைப்படத்துக்குத்தான் உதவும்.

அப்புறம், அமெரிக்காவின் பிலடெல்ஃபியா. சுவர்க் கிறுக்கலை ஒழிக்க 1984இல் மாநகராட்சி போட்ட திட்டத்தில் சேர்ந்த ஜேன் கோல்டன், கிறுக்கிய பிள்ளைகளின் கையிலேயே தூரிகையைக் கொடுத்தார். இன்று அங்கே 4000க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் உருவாகியிருக்கின்றன. படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பாராசூட் துணி என்று அவர்கள் சொல்லும் மெல்லிய துணியில் கோடு வரைந்து, எந்த இடத்தில் எந்த நிறம் என்று எண் போட்டுக் கொடுப்பார்கள். சாரம் ஏற முடியாத முதியவர் மேசையில் உட்கார்ந்தபடி ஒரு துண்டுக்கு வண்ணம் தீட்டலாம். சிறையில் இருப்பவரும் தீட்டலாம். பிறகு அக்ரிலிக் பசை தடவித் துணியைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரர் என்றேனே, அவருடைய கைவண்ணமும் அந்தச் சுவரில் இருக்கும். என் பூ அந்த மூலையில் என்று பேரனுக்குக் காட்டலாம்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுவர் அழகானால் எதிர்வீட்டுக்காரரின் வாடகை ஏறிவிடுமோ என்ற கவலையையும் சொல்லியே ஆக வேண்டும். பெர்லினின் குரோய்ஸ்பெர்க் பகுதியில் புளூ என்ற ஓவியரின் பெயர்பெற்ற இரண்டு பெரிய சுவரோவியங்கள் 2014 டிசம்பரில் கறுப்பு வண்ணம் பூசி மறைக்கப்பட்டன. புளூவின் சம்மதத்தோடுதான். வட்டாரத்தில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது; பக்கத்து நிலத்தில் எழவிருந்த கட்டடத்துக்குத் தங்கள் படம் விளம்பரமாகிவிடக் கூடாது என்று வரைந்தவர்கள் நினைத்தார்கள்.  வணக்கம்.