சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்கு நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில், வீட்டுக் கீசர் அளவுக்கு மீறிச் சூடாவதைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்காலத்தில் வெந்நீர் இல்லாமல் குளிக்க இயலாது. தர்மபுரியிலும் மார்கழி முழுவதும் ஏறக்குறைய அதே நிலைதான். எனவே இது நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் வேண்டிய செய்தி.

கீசருக்கு மூன்று காவல்கள் உண்டு. நாம் வைத்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது தவறினால் மின்சாரத்தை அடியோடு துண்டிப்பது கட்-அவுட். அதுவும் தவறி உள்ளே அழுத்தம் ஏறினால், தண்ணீரை வெளியே விட்டுத் தொட்டியைக் காப்பது சேஃப்டி வால்வு. குக்கரின் விசில் அடைத்துக்கொண்டால் பக்கவாட்டில் இருக்கும் சிறிய வால்வு உருகி நம்மைக் காக்கிறதல்லவா, அதுபோன்ற கடைசிக் காவல் அது.

தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்பதை நீங்களே கவனிக்கலாம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 2000 வாட் கீசருக்குச் சுமார் அரை மணி நேரம் போதும். அதன்பின் கீசரில் எரியும் சிறு விளக்கு அணைய வேண்டும். யாரும் தண்ணீர் பிடிக்காத நிலையில் ஒரு மணி நேரம் கடந்தும் விளக்கு எரிந்துகொண்டே இருந்து, குழாயில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தால், தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மாறாக, விளக்கு முறையாக அணைந்து எரிந்தும் தண்ணீர் கொதித்தால், ஒன்று அளவு உயர்த்தி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது தெர்மோஸ்டாட்டுக்குத் தண்ணீரின் உண்மையான சூடு தெரியாமல் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. அதற்காகக் காவேரிப்பட்டினத்தில் நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அந்த வீட்டு அம்மா என்னிடம், "வாத்தியாரே, பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வருகிறது, உள்ளே கடகடவென்று சத்தம் வேறு கேட்கிறது" என்றார். மெக்கானிக் ஏற்கெனவே தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார். சில வாரங்களில் பழைய நிலை திரும்பியதால், புதியதும் மோசம் என்று சொல்லி இன்னொன்றை மாட்டியிருந்தார். கீசருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கி, தொட்டியை ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றச் சொன்னேன். தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட் முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு தடித்துப் படிந்திருந்தது. தெர்மோஸ்டாட்டின் தண்டு செருகியிருக்கும் மெல்லிய குழலின் மீதும் அதே படிவம். கட்-அவுட்டின் தண்டும் அதே குழலுக்குள்தான் இருந்தது. சுண்ணாம்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே தண்ணீரின் சூடு தண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் எல்லை தாண்டிவிடுகிறது. எலிமென்டின் மேல் படிவத்தின் இடுக்குகளில் சிக்கிய தண்ணீர் ஆவியாகிக் குமிழிகள் வெடிப்பதுதான் அந்தக் கடகடச் சத்தம். எத்தனை தெர்மோஸ்டாட் மாற்றினாலும் இது தீராது என்பதைக் கவனியுங்கள்.

பிறகு வெளிப்புறத்தைப் பார்த்தேன். சேஃப்டி வால்வின் வாயை, டெஃப்லான் டேப் சுற்றி, ஒரு மூடியால் இறுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். கேட்டபோது, "சொட்டிச் சொட்டித் தரையெல்லாம் ஈரமாகிறது, அதனால்தான்" என்றார்கள். அதே வால்வுக்குள் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒரு பகுதியும் உண்டு. அதில் சுண்ணாம்புத் துகள் சிக்கி, அது மூடாமலே நின்றுவிட்டது. விரிந்த வெந்நீர் அந்த வழியே பின்னோக்கிப் போய்ப் பச்சைத்தண்ணீர்க் குழாயில் ஏறியது, அந்த பி.வி.சி. குழாய் சூட்டில் இளகி வளைந்திருந்தது. நேயர்களே, அந்தத் துகள்தான் அந்த வீட்டைக் காப்பாற்றியது. வால்வின் அந்தப் பகுதி ஒழுங்காக மூடியிருந்தால், வாயும் அடைபட்ட அந்தத் தொட்டிக்கு அழுத்தத்தை வெளியேற்ற வேறு வழியே இருந்திருக்காது. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதைப்பாகத்தான் இருக்கிறது.

எலிமென்டைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தோம், குழலைச் சுரண்டினோம், வால்வைப் புதிதாக மாற்றினோம். வால்வின் வாயில் ஒரு சிறு குழாயை மாட்டி, அதன் மறுமுனையைத் திறந்தபடியே சாக்கடைத் துளைக்கு அருகில் விட்டோம். ஈரத்துக்குத் தீர்வு இதுதான்; அடைப்பது அல்ல.

வால்வு ஏன் சொட்டுகிறது? முன்பு சொன்ன அதே 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 350 மில்லி அளவுக்குப் பெருகும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. கூடுதல் தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும். சூடேறும்போது சிறிது சொட்டுவது வால்வு உயிரோடு இருப்பதற்கு அடையாளம். கீசர் ஆறிய பிறகும் நாள் முழுவதும் ஒழுகினால் மட்டுமே வால்வைப் பழுது பார்க்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், எந்த நிலையிலும் அதன் வாயை அடைக்காதீர்கள். கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதை விலக்கி நேரடி இணைப்புக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கும் சம்மதிக்காதீர்கள்.

நம் ஊர்களில் இந்தச் சுண்ணாம்புத் தொல்லை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்ட பிறகு, ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டு வந்த நம் மக்களுக்குக் காவிரி நீர் கிடைத்தது. ஆனால் பல வீடுகளில் குடிப்பதற்குத்தான் காவிரி. குளியலறைக்கு இன்றும் போர் தண்ணீர்தான். அந்தக் கடின நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏற ஏற வேகமாகப் பிரிந்து படியும். எனவே அளவை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகே வெந்நீர் என்பதைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வழக்கமாக்குங்கள். போர் தண்ணீர் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன்பே, தொட்டியைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தொட்டி அரிக்காமல் தான் கரைந்து காக்கும் மக்னீசியத் தண்டையும் அப்போதே பார்த்து மாற்றிவிடலாம்.

குழாயில் தண்ணீரோடு ஆவியும் சீறினால், எம்.சி.பி.யை இறக்கிவிட்டுக் குளியலறையை விட்டு வெளியே வாருங்கள். முழுவதும் ஆறும்வரை எந்தக் குழாயையும் திருகாதீர்கள், கீசருக்கு வரும் தண்ணீரையும் அடைக்காதீர்கள்.

நேரம் நெருங்குவதாகச் சைகை காட்டுகிறார்கள். வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் சோலார் பற்றி எண்ணியிருந்ததைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியுள்ளது. சோலார் தண்ணீரைக் கீசருக்குள் விட்டிருக்கும் வீடுகளில், கீசரை நிறுத்திய பிறகும் தண்ணீர் கொதித்தால் கோளாறு கீசரில் இல்லை. மாடியில் இருந்து வரும் சூடு அது. சோலார் தொட்டியின் மேலே திறந்து நிற்கும் காற்றுக் குழாயை, பூச்சி விழுகிறது என்று மூடிவிடாதீர்கள். கோடையில் பல நாள் வெளியூர் போவதானால் கண்ணாடிக் குழாய்களின் மேல் தார்ப்பாய் போர்த்திவிட்டுச் செல்லுங்கள். வற்றிய சோலாருக்கு நண்பகலில் தண்ணீர் விட்டால் கண்ணாடி வெடிக்கும், விடியற்காலையில் விடுங்கள். வணக்கம்.