இருளில் முடிகிற சங்கீதம்

(சேலத்தில் லெந்து காலக் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையாருக்கு ஸ்தோத்திரம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற்காட்டிலிருந்து வந்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மலையில் பனி மூடினால் லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் தெரியாது, ஆனால் சேலம் அங்கேதான் இருக்கும், ஆண்டவரும் அப்படித்தான் என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். பல மேடைகளில் அதைச் சொன்னவன்தான் நான். மூன்று வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டேன்.

அந்த வருடம் என் வீட்டம்மா 18 நாள் ஐசியூவில் இருந்தாள். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வராண்டாவில் இரும்பு நாற்காலி. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் 'ஆண்டவரே' என்பதோடு நின்றுவிடும். ஊரார் வீட்டுக் கஷ்டத்துக்கெல்லாம் அரை மணி நேரம் ஜெபிக்கிற வாய் இது.

பார்க்க வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஒருவர் வெள்ளித் தட்டான் கதையைச் சொன்னார். உருகுகிற வெள்ளியில் தன் முகம் தெரியும்வரை தட்டான் காத்திருப்பானாம், அதுவரை நெருப்பை விட்டு எடுக்க மாட்டானாம். வேதாகமத்தில் மல்கியா 3-ஆம் அதிகாரம் 3-ஆம் வசனத்தில் கர்த்தர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிடுகிறார், உண்மை. முகம் தெரிகிற பேச்சு அங்கே இல்லை, நாமாகச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிற நம் சபை அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "அந்தச் சூட்டுல குனிஞ்சு மூஞ்சியப் பாத்தா புருவம் கருகிடுங்க ஐயா" என்றார்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயிலும் விழுந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் வினை. யோபுவோ, 'முன்னாகப்போனாலும் அவர் இல்லை. பின்னாகப்போனாலும் அவரைக் காணேன்' என்கிறான். இன்றைக்கு ஜெபக்குழுவில் ஒருவர் இப்படிச் சொன்னால் நாம் அவருக்கு விசுவாசம் போய்விட்டது என்று கவலைப்படுவோம். ஆனால் கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் சிநேகிதர் மேல்தான் மூண்டது. யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

இது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. விளங்கியது நம் குடும்பங்களை வைத்துத்தான். பங்காளி ஒருவன் மனசு விட்டுப்போனால் என்ன செய்வான்? பேச்சுவார்த்தையை நிறுத்திவிடுவான். கல்யாணப் பத்திரிகைகூட வராது. ஆனால் கூடப்பிறந்த தங்கை, 'அம்மா சாகக் கிடந்தப்ப நீ எங்க இருந்தே?' என்று வாசலில் நின்று தெருவே கேட்கச் சத்தம் போட்டால், அவள் உறவை அறுத்துக்கொண்டவளா? அண்ணன் என்று இன்னமும் நினைப்பதால்தானே வாசலுக்கு வருகிறாள். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களைப் பாடினவன் 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13-ஆம் சங்கீதத்தில் கேட்பது இந்தக் குரல். சிலுவையில் நம் ஆண்டவர் 22-ஆம் சங்கீதத்தின் வார்த்தையை எடுத்துத்தான் கதறினார். 'ஏன் கைவிட்டீர்' என்று மட்டும் கேட்கவில்லை. 'என் தேவனே, என் தேவனே' என்று இரண்டு தரம் அழைத்துவிட்டுக் கேட்டார். கைவிட்டவரை 'என்' என்கிறார்.

நம் சபைகளில் கத்தோலிக்கருடைய புனிதர்களைப் பற்றிப் பேசுவது குறைவு, இருந்தாலும் சொல்கிறேன். அன்னை தெரேசா 1997-இல் இறந்தார். பத்து வருடம் கழித்து வெளிவந்த அவருடைய கடிதங்களில், பல பத்தாண்டுகள் தேவ பிரசன்னத்தை உணராமலே ஜெபித்ததாக எழுதியிருக்கிறார். அந்த வருடங்களில்தான் கொல்கத்தாத் தெருக்களில் சாகக்கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வராண்டாவுக்கு வருகிறேன். ஆறாம் நாள் சாயங்காலம். பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பேரன் உள்ளே இருந்தான். என் மடியில் ஒரு பேப்பர் பொட்டலத்தை வைத்தார். தட்டுவடை செட். கேரட், பீட்ரூட் துருவலின் ஈரத்தில் தட்டுவடை நமுத்துப்போய், சட்னி பேப்பரில் ஊறி, வேட்டியில் பச்சையாய்க் கறை. வேண்டாம் என்றேன். "தின்னு கண்ணு. வெறும் வயித்தோட சாமிகிட்ட என்னத்தப் பேசுவே?"

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டுப் படுத்திருந்தபோது தேவதூதன் உபதேசம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். தின்றான், மறுபடி படுத்துக்கொண்டான். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் அதே அடை. ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் 40 நாள் நடந்த பிறகு. நாம் அந்தச் சத்தத்தைப் பற்றியே பிரசங்கிக்கிறோம். அடையைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

என் வீட்டம்மா பிழைத்தாள். அதோ, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சாட்சியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பாட்டியின் பேரன் பிழைக்கவில்லை. அன்றைக்கு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வசனம். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. எபிரெயத்தில் இதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். ஆனால் முதல் வரி 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று தொடங்குகிறது. எல்லாரும் சேர்ந்து மெதுவாக வாசிப்போம். முடிந்ததும் கீபோர்டு தம்பி எதுவும் வாசிக்க வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்போம். மலைக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நடுவில் எழுந்து போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.