பானை ஒன்று, கரண்டி வேறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் புதுச்சேரித் தாய்மார்களே, பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சர்க்கரை நோய் உள்ளவர் வீட்டில் தேவை தனிச் சமையலா, ஒரே சமையலா? இதுதான் தலைப்பு. ஒரே சமையல்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "அவருக்கு மட்டும் ராத்திரி மூன்று சப்பாத்தி போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது, வளர்கிற பிள்ளைகளை ஏன் பத்தியத்தில் வைக்க வேண்டும்?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள்.

சரி, அந்தச் சப்பாத்தியிலிருந்தே வருகிறேன். நடுத்தர அளவில் மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் உடம்புக்குள் போகிற மாவுச்சத்து, ஏறக்குறைய ஒரு கப் சோற்றில் இருப்பதுதான். கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலா வைத்துவிட்டு "அப்பா பத்தியமாகச் சாப்பிடுகிறார்" என்று நினைத்தால், அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். கேழ்வரகு நல்ல தானியம். அதை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேருகின்றன. தனிச் சமையல் என்ற பெயரில் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்தப் பெயர் மாற்றம்தான்.

நடுவர் அவர்களே, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து பதினொரு வருடம் அம்மா இரண்டு சமையல் செய்தார். அப்பாவுக்கு ஒரு அடுப்பு, எங்களுக்கு ஒரு அடுப்பு. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மூன்று மணிக்கு, அம்மா பானை அடியில் மிஞ்சிய சோற்றில் மிச்சக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். காய் தீர்ந்திருக்கும், மீன் தீர்ந்திருக்கும். சோறு மட்டும் இருக்கும். ஒருநாள் காலில் செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. பரிசோதித்துப் பார்த்தால் அம்மாவுக்கும் சர்க்கரை. எத்தனை வருடமாக இருந்ததோ, யாரும் பார்க்கவில்லை.

இப்போது எதிரணியைக் கேட்கிறேன். அப்பாவுக்கு நோய் வந்தால் அம்மா தனியாகச் சமைப்பார். அம்மாவுக்கு வந்தால் தனியாகச் சமைப்பது யார்? தனக்கென்று ஒரு சட்டி தனியாக வைத்துக்கொண்ட எந்த அம்மாவையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுக் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோவாவில் 26.4 சதவீதம், அடுத்த இடத்தில் நம் புதுச்சேரி, 26.3 சதவீதம். இந்தப் பந்தலில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர். நாடு முழுக்க நோயின் வாசலில் நிற்பவர்கள் மட்டும் 13.6 கோடி பேர். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்கும் வருகிற வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைக்குத்தான் "உனக்கு என்ன, நீ சாப்பிடு" என்று சோற்றை மலையாகக் குவிக்கிறோம்.

ஒரே சமையல் என்றால் எல்லாருக்கும் தண்டனை என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இன்று மதியம் மத்தி மீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்பு போட்ட முருங்கைக்கீரைக் கூட்டு. மத்தி விலை குறைவு, சத்தில் வஞ்சிரத்துக்குக் குறைந்ததில்லை. வறுக்காமல் குழம்பில் போட்டால் எண்ணெயும் மிச்சம். தட்டில் பாதி காய், கால் பங்கு மீனோ பருப்போ, மிச்சக் கால் பங்குதான் சோறு. முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. விளையாடிவிட்டு வரும் என் மகனுக்கு அதே பானையிலிருந்து இரண்டு கரண்டி சோறு கூடுதல், மேலே கொஞ்சம் நெய். பானை ஒன்று, கரண்டி வேறு. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். முதல் வாரம் முகம் சுளித்தான், இப்போது அவனே கேட்கிறான்.

பக்கத்தில் வடலூர் இருக்கிறது. 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வருகிறவர் யாரானாலும் ஒரே உலைச் சோறுதான். சொந்த வீட்டுக்குள் ஒருவரை மட்டும் பந்தியிலிருந்து பிரித்து உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் பிரித்ததால்தான் எங்கள் அப்பா கடைத்தெருவில் போண்டா சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

எதிரணி சொன்னதில் ஒன்றை மறுக்க மாட்டேன். சிறுநீரகம் பாதித்தவருக்குப் பருப்பு, மீன், சில காய்கள், உப்பு எல்லாவற்றுக்கும் மருத்துவர் சொல்லும் கணக்கு வேறு. அதை அப்படியே கேட்க வேண்டும். அதேபோல் இன்சுலின் போடுபவர்கள் யார் பேச்சைக் கேட்டும் வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் உடனே குளுக்கோஸ் தர வேண்டும், பத்தியம் பார்க்கிற நேரம் அது இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு அடுப்புச் சமையல்தான். மிச்சப்பட்ட நேரத்தில் அம்மா மதியம் ஒரு மணிக்கே அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், அவர் தட்டிலும் மீன் இருக்கிறது. போன மாதம் இருவரும் மூன்று மாதச் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனைக்கு ஒன்றாகப் போனார்கள். தாள் கைக்கு வந்ததும் அப்பா தன்னுடையதைப் பார்க்கவில்லை. "உனக்கு எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.