அந்த டம்ளரைத் தாண்டித்தான் நாடு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'புத்தர் போதனை அதிகம் தேவைப்படுவது வீட்டுக்கா, நாட்டுக்கா?' என்பது தலைப்பு. வீட்டுக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், ரோகிணி என்ற ஆற்றின் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். சாக்கியர், கோலியர் என்ற இரண்டு குலத்தாரும் ஆற்றுத் தண்ணீருக்காக ஆயுதம் எடுத்தார்கள். புத்தர் நடுவே வந்து, தண்ணீர் பெரிதா, மனித உயிர் பெரிதா என்று கேட்டுப் போரை நிறுத்தினார். ஆகவே நாட்டுக்கே என்றார். சரி ஐயா, பாதிக் கதையை விழுங்கிவிட்டீர்களே! சாக்கியர் புத்தருக்கு அப்பா வழி, கோலியர் அம்மா வழி. அது மாமன் மச்சான் சண்டை! வயலில் வேலை செய்தவர்கள் வாய்த்தகராறில் குலத்தை இழுத்துப் பேசியதில்தான் பற்றிக்கொண்டது. நம் கல்யாணப் பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால் நடப்பது வேறென்ன?

ராஜகிருகம் என்ற ஊரில் சிகாலன் என்று ஓர் இளைஞன். காலையில் குளித்து, ஈரத்துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனாராம். புத்தர் அவனைக் கேலி செய்யவில்லை. கிழக்கு என்றால் பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள் என்றார். துறவி ஒருவர் இல்லறத்தானுக்குச் சொன்ன பாடம் இது. ஆறில் ராஜாவுக்கு ஒரு திசைகூட இல்லை, கவனித்தீர்களா?

மனைவிக்குக் கணவன் செய்ய வேண்டியவை ஐந்து. மதிக்க வேண்டும், இழிவாகப் பேசக்கூடாது, துரோகம் செய்யக்கூடாது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் விட வேண்டும், நகை வாங்கித் தர வேண்டும். நகைக்குக் கைதட்டும் தாய்மார்களே, நாலாவதை விட்டுவிடாதீர்கள். ஏ.டி.எம். கார்டு யார் பர்ஸில் இருக்கிறது?

வேலையாட்களுக்கும் ஐந்து உண்டு. சக்திக்கேற்ற வேலை, சோறும் கூலியும், நோய் வந்தால் கவனிப்பு, விசேஷப் பண்டத்தில் பங்கு, நேரத்துக்கு ஓய்வு. நம் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குத் தீபாவளி அதிரசம் எப்போது போகிறது? நாலாம் நாள், கடித்தால் பல் ஆடும் பதத்தில். காப்பியோ, ஜன்னல் திண்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரில். காய்ச்சல் என்று ரெண்டு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். மாநாட்டில் சமத்துவம் பேசிவிட்டு வருகிறவரும் அந்த டம்ளரைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்.

அடுத்துப் பேசிய சகோதரி அம்பேத்கரைச் சொன்னார். 1956 அக்டோபர் 14, நாக்பூர். இந்த நாட்டையே உலுக்கிய நாள், மறுக்கவில்லை. சாதிக் கொடுமைக்கு எதிராக லட்சக்கணக்கானவர்கள் அவரோடு பௌத்தம் தழுவினார்கள். அப்போது அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளை எடுத்துப் பாருங்கள். திதி கொடுக்க மாட்டேன், திருட மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், மது அருந்த மாட்டேன் என்று வருகிறது. மைதானத்தில் கையைத் தூக்கிச் சொன்னது ஒரு நாள். ராத்திரி எட்டு மணிக்கு அதைக் கடைப்பிடிக்கிறானா என்று பார்ப்பது யார்? சட்டசபையா, ஐ.நா. சபையா? கதவைத் திறந்துவிட்டு, அவன் வாயை மோந்து பார்க்கிற பெண்டாட்டிதான், நடுவர் அவர்களே! நன்றி, வணக்கம்.