தனிக் கட்டடத்திலிருந்து பொது ஓ.பி.க்கு

(சென்னையில் செவிலியர்களும் களப்பணியாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

அவையில் கூடியிருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகர்களே, எல்லோருக்கும் வணக்கம். எச்.ஐ.வி. சிகிச்சையைத் தனி மையங்களிலிருந்து பொது மருத்துவமனைகளுக்குக் கொண்டுவருவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் ஊரில்தான். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அப்புறம் எத்தனையோ இடங்களில் கதவைச் சாத்தினார்கள். தாம்பரம் சானடோரியம் என்கிற அரசு நெஞ்சக மருத்துவமனை சாத்தவில்லை. 2004 ஏப்ரலில் வைரஸை அடக்கும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது அங்கேயும் கொடுத்தார்கள். தனி மையங்கள் உயிர் காத்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அன்று மருந்து தொடங்கியவர்களில் பலருக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. சர்க்கரையும் பிரஷரும் வந்துவிட்டன. அவர் என்ன செய்கிறார்? கூட்டு மருந்துக்கு ஒரு ஆஸ்பத்திரி, சர்க்கரைக்கு இன்னொன்று. இங்கே இருப்பது அங்கே தெரியக்கூடாது என்பதற்காகவே தூரத்து ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போகிறார்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இப்போது நம் நோயாளிகள் பெரும்பாலோர் சாப்பிடும் கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருக்கிறது. அது சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு மெட்ஃபார்மின் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சர்க்கரை டாக்டருக்கு இவர் எச்.ஐ.வி. மருந்து எடுப்பதே தெரியாது. காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டாயிரத்துக்கு எழுதித் தருகிறார். தப்பு யாருடையது? இரண்டு சீட்டும் ஒரே மேஜைக்கு வராததுதான் தப்பு.

கர்ப்பிணிக்கும் இதே கதை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதனோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் சரியாக உடம்பில் சேராது. அந்த மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக டோலுடெக்ராவிரைப் போட வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். இதைச் சொல்ல வேண்டியவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் கிராம சுகாதார செவிலியர். அவருக்கு விஷயம் தெரிந்தால்தானே சொல்வார்?

வெளியே பாருங்கள். ஆப்பிரிக்காவில் மலாவி ஒரு ஏழை நாடு. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் கருவிகூடப் பல இடங்களில் இல்லை. அதனால் 2011-இல் அவர்கள் துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள்: தொற்றுள்ள கர்ப்பிணி யாராக இருந்தாலும், எண்ணிக்கைக்குக் காத்திராமல், வாழ்நாள் சிகிச்சையைப் பிரசவ மையத்திலேயே தொடங்குவது. தென்னாப்பிரிக்காவில் 2010 முதல் செவிலியர்களே கூட்டு மருந்தைத் தொடங்கிவைக்கிறார்கள். 2025-இல் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியபோது, அந்தப் பணத்தையே நம்பியிருந்த தனி மருத்துவமனைகள் பல நாடுகளில் மூடப்பட்டன. நம் திட்டம் பெரும்பாலும் நம் அரசின் பணத்தில் நடக்கிறது. அந்த அதிர்ச்சி நமக்கு இல்லை. அதற்காக அசட்டையாக இருந்துவிட முடியாது.

சரி, தனி மையத்தின் போர்டைக் கழற்றிவிட்டு எல்லோரையும் பொது ஓ.பி. வரிசைக்கு அனுப்பிவிட்டால் போதுமா? போதாது. நிறையப் பேர் வராமலே நின்றுவிடுவார்கள். தனி மையத்தில் ஆலோசகர் அம்மா கதவை மூடிக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார். பொது ஓ.பி.யில் சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதி, "அந்த கேஸா, கடைசியில் வரட்டும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்கிறார்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இந்த இரண்டையும் தடுக்கிறது. சட்டம் இருப்பது வார்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. எச்.ஐ.வி. மருந்தையும் அதே பையில் போடலாமே என்கிறார்கள் சிலர். சிலருக்கு அது வரம். குடித்தனக்காரர்கள் நிறைந்த லைன் வீட்டில் இருப்பவருக்கோ வாசலில் வந்து நிற்கும் பையே பயம். எங்கே வாங்குவது என்பதை நோயாளியே சொல்லட்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். எந்த ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சேவையைச் சேர்த்தாலும், ஆலோசகரையும் அவருடைய தனி அறையையும் கூடவே கொண்டுவாருங்கள். பயிற்சியை டாக்டரோடு நிறுத்தாதீர்கள். சீட்டு போடுகிறவர், மருந்து கொடுக்கிறவர், வார்டு உதவியாளர் எல்லோருக்கும் கொடுங்கள். அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்கும் பொறுப்பை இங்கே இருக்கும் செவிலியர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.