முதலில் மைக் வாங்குங்கள்

(பாளையங்கோட்டையில் குறும்படம் எடுக்கும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

படம் எடுக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, என்ன கேமரா வாங்கலாம்?" என்றுதான். கையில் இருக்கும் செல்போனே போதும் என்பேன். நம்மைத் தவிக்க வைப்பது ஒலி. இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

நெல்லைக்காரர்களுக்கு சினிமா தூரத்துச் சொந்தம் இல்லை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வைத்துத்தான் மகேந்திரன் 1979-இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். ஆனால் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது ஓர் ஆவணப்படம். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அதை ஆர்.ஆர்.சீனிவாசன் 'ஒரு நதியின் மரணம்' என்று பதிவு செய்தார். நாம் தினமும் தாண்டிப்போகும் ஆற்றுக்குச் சாட்சி சொல்ல ஒரு படத்தால் முடியும் என்பதை அதில்தான் கண்டேன்.

சரி, ஒலிக்கு வருவோம். பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தேன். மடியில் சுளகு, வெட்டிய இலை, தூள், நூல். கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே, கை ஓடும் வேகத்திலேயே பேச்சும் வரும். "கொஞ்சம் நிறுத்திட்டுப் பேசுங்க அக்கா" என்றால் பேச்சு செத்துப்போகும். இதைப் பிறகு டப்பிங்கில் வேறொருவரைப் பேச வைத்தால், 'ஏலே' போடும் ஒரே ஆள் எல்லோருக்கும் பேசியது போல ஆகிவிடும். மேலப்பாளையத்துப் பேச்சு வேறு, அம்பாசமுத்திரத்துப் பேச்சு வேறு, உவரிக் கடற்கரைப் பேச்சு வேறு. அந்த வித்தியாசம் நம் காதில் ஊறியிருக்கிறது. கோடி ரூபாய் வைத்திருப்பவருக்கும் அது லேசில் கிடைக்காது. அதனால் பேச்சை அந்த இடத்திலேயே பதிவு செய்யுங்கள்.

அங்கேதான் சோதனை. ஆனி, ஆடியில் நம் ஊர்க் காற்று யாரையும் விடாது. மலைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று அது. பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். மைக்கில் நேராகப் பட்டால் படபடவென்று பேச்சை விழுங்கிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு துடைத்தாலும் குரல் முழுசாகத் திரும்பாது. மைக்குக்கு ரோம உறை போடுங்கள். அதுவும் போதவில்லை என்றால், ஷாட் முடிந்த கையோடு அதே ஆளை ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போய், அந்தச் சூடு ஆறுவதற்குள் வசனத்தை மட்டும் இன்னொரு தடவை பதிவு செய்யுங்கள். அப்புறம் எல்லோரையும் ஒரு நிமிஷம் வாயை மூடச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் பிடித்து வையுங்கள். எடிட்டிங்கில் வெட்டுகளுக்கு நடுவே விழும் பள்ளத்தை நிரப்புவது அதுதான்.

பணம் கஷ்டம்தான். "வேலைக்குப் போ" என்று வீட்டில் சொல்வதும் நிற்காது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: பீடிக்கு எண்ணிக்கைக் கூலி. நமக்காக ஓர் அக்கா அரை நாள் உட்கார்ந்தால் அவருடைய கூலி போகிறது. அந்தத் தொகையை பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதுங்கள். அதைக் கொடுக்காமல் எடுக்கும் படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் எனக்குப் பிடிக்காது.

எடுத்ததை எங்கே காட்டுவது? தியேட்டர் என்றால் சென்சார் சான்றிதழ், விநியோகஸ்தர், விளம்பரச் செலவு. படவிழாக்களில் நிச்சயம் முயன்று பாருங்கள், பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் படவிழாவில் டைகர் விருது வாங்கியது. ஆனால் விழாக்காரர்கள் பதில் போடும்வரை காத்திருக்க வேண்டாம். எந்தத் தெருவில் எடுத்தீர்களோ அங்கேயே வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஒலி சரியாக இருக்கிறதா என்று அந்தத் தெருக்காரர்களை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது. "நான் இப்படிப் பேச மாட்டேனே" என்று ஓர் ஆச்சி சொன்னால் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

என்னிடம் நீளக் கம்பில் மாட்டிப் பிடிக்கும் ஒரு பூம் மைக்கும் ரெக்கார்டரும் இருக்கின்றன. படம் எடுக்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம், வாடகை வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வாருங்கள், உறை போடுவது எப்படி என்று காட்டித் தருகிறேன்.